பொம்மைக் கூட்டம், நிஜ பயம்

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் பேச எழுந்தாலே தொண்டை அடைத்து, கை நடுங்குகிறது. கணினி உருவாக்கும் காட்சியை நிஜம்போலக் கண்முன் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட் மாட்டிச் சிகிச்சை எடுக்கலாம் என்கிறார்கள். எதிரே இருப்பவை பொம்மைகள் என்று தெரிந்தும் பயம் எப்படிப் போகும், டாக்டர்?
- ஒரு வாசகி

பதில்: பொம்மைதான் என்று அறிவு சொல்லும். ஆனாலும் அத்தனை முகங்களும் உங்களையே பார்க்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்தப் படபடப்புதான் சிகிச்சைக்கு வேண்டும். ஓடாமல் நின்று பேசப் பேச, பயந்தபடி எதுவும் நடக்கவில்லை என்று மனம் கற்றுக்கொள்ளும்.

நான் வெற்று நாற்காலிகளில் தொடங்குவேன். பிறகு நான்கைந்து பேர், அப்புறம் நிறைந்த அரங்கு. அவ்வப்போது பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கேட்பேன். அதைப் பார்த்துத்தான் அடுத்த படி. கொட்டாவி விடுபவர், கைபேசியை நோண்டுபவர், பாதியில் எழுந்து போகிறவர் எல்லாரையும் வேண்டும்போது வரவழைக்கலாம். நிஜக் கூட்டத்தில் இந்த வசதி ஏது?

அமெரிக்காவில் உளவியலாளர் பேஜ் ஆண்டர்சன் குழுவினர் 97 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வி.ஆர். சிகிச்சையின் பலன் நிஜ மனிதர்கள் முன் பெறும் குழுப் பயிற்சிக்கு ஈடாக இருந்தது. ஓராண்டு கழித்தும் நீடித்தது. எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே சொல்லுங்கள். வலிப்பு நோய் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பேசுங்கள். சிகிச்சை நடக்கும்போதே அலுவலகக் கூட்டத்தில் ஒரு கேள்வியாவது கேளுங்கள்.