அம்மாவை மருத்துவ ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. மூன்று ஆண்டுகளாக பெம்ஃபிகஸ் வல்காரிஸ் நோய். வாயிலும் முதுகிலும் கொப்புளம் வந்து உடைகிறது. ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்தால் திரும்பி வருகிறது. இப்போது சர்க்கரையும் சேர்ந்துவிட்டது. புதிய மருந்துக்கான ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசிதானாம். 'அக்காவைச் சோதனை எலி ஆக்காதே' என்று மாமா சத்தம் போடுகிறார். என்ன செய்ய?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: தோல் வார்டில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்டது, வாழையிலையைத் துடைத்துப் படுக்கையில் விரிப்பது. பெம்ஃபிகஸ் நோயாளியைத் துணி விரிப்பில் படுக்க வைத்தால், புரட்டும்போது தோலும் கூடவே உரிந்து வரும். நெசவு வேலை செய்த ஓர் அம்மா ஆறு வாரம் அந்த இலையில் கிடந்தார். ரசம் பட்டாலே வாய் எரியும் என்று, ஆறிய கஞ்சியைப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள் மகள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

தோலின் செல்களைப் பிணைக்கும் டெஸ்மோக்ளின் என்ற புரதத்தை நம் உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்குவதுதான் இந்த நோய். ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1980களில் டில்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா தொடங்கிய முறைப்படி, மாதம் மூன்று நாள் அதிக அளவில் ஸ்டீராய்டை டிரிப்பில் ஏற்றுவோம். அந்த நெசவாளர் அம்மா அதில்தான் எழுந்து நடந்தார்.

பிறகு பிரான்சில் 90 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு மட்டும். மற்றதற்கு, எதிர்ப்பு சக்தியின் அந்தத் தாக்குதலை அடக்கும் ரிடுக்சிமாப் என்ற ஊசியும், சில மாதங்களுக்கு மட்டும் ஸ்டீராய்டும். இரண்டு ஆண்டு கழித்து, மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தவர்கள் முதல் பிரிவில் 44 பேரில் 15 பேர். இரண்டாவதில் 46 பேரில் 41 பேர். மறு ஆண்டே அமெரிக்கா இந்த நோய்க்கு அந்த ஊசியை அனுமதித்தது.

அதனால் என் முதல் கேள்வி: அம்மாவுக்கு ரிடுக்சிமாப் போட்டாயிற்றா? நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால், ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காசநோய், மஞ்சள் காமாலை பி வகை போன்றவற்றைப் பரிசோதித்துவிட்டுத்தான் போட வேண்டும். நிரூபிக்கப்பட்ட மருந்து கையில் இருக்கும்போது, அதைத் தாண்டி ஆய்வுக்குள் போவதற்குத் தெளிவான காரணம் வேண்டும். போட்டும் நோய் திரும்பியிருந்தால் ஆய்வைத் தாராளமாக யோசிக்கலாம்.

மருந்தில்லாத ஊசி என்றதும் அம்மாவைச் சும்மா விட்டுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். இந்த நோயின் ஆய்வுகளில் வழக்கமாக இரு பிரிவுக்கும் ஸ்டீராய்டு தொடரும். ஆனால் அதை எவ்வளவு வேகமாகக் குறைப்பார்கள், கொப்புளம் திரும்பினால் யார் முடிவெடுப்பார் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். புதியது என்பதால் நல்லது என்றும் ஆகாது. 2021இலும் 2023இலும் மிகுந்த எதிர்பார்ப்போடு வந்த இரண்டு மருந்துகள் பெம்ஃபிகஸ் ஆய்வில் தேறவில்லை.

படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். புரிகிற மொழியில் தருவது அவர்கள் கடமை. அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். முடிவு அவருடையது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

போகும்போது மாமாவையும் அழைத்துச் செல்லுங்கள். இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அவரே கேட்கட்டும். பெயரும் எண்ணும் கொடுத்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.