நாலு ஹாப் தாண்டி வரும் வயர்லெஸ் நெட்டில் லேட்டன்சியைக் குறைக்க என்ன செய்யலாம்?

ஸ்பீட் டெஸ்ட் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது, ஆனால் சாயங்காலமானால் வீடியோ கால் பேச முடியவில்லை, நடுவில் நாலு டவர் இருக்கிறது, தூரம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபைபர் வராத மலைப்பகுதியில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தேனி மாவட்டத்தில் பல வருஷமாக இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வார்த்தைகள். ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு ஒரு தாவல்தான் ஹாப். பாக்கெட், அதாவது சின்னத் தகவல் துண்டு, போய்ச் சேர ஆகும் தாமதம்தான் லேட்டன்சி. அது போய்த் திரும்பி வரும் நேரத்தை அளப்பது பிங். தூரத்தின் மேல் பழி போடாதீர்கள். ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோசெகண்ட் போதும். நாலு லிங்க்கும் சேர்ந்து 30 கிலோமீட்டர் என்றாலும் போக வர 0.2 மில்லிசெகண்ட்தான் ஆகும். பிங் 600 மில்லிசெகண்ட் காட்டுகிறது என்றால் மீதி முழுக்கக் காத்திருப்பு. பாக்கெட் எந்த டவரில் காத்துக் கிடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேகமலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு அடிவாரத்திலிருந்து நெட் கொண்டுபோன கதையைச் சொல்கிறேன். அடிவாரம், மேலே ஒரு முகடு, முகட்டைத் தாண்டினால் ஒரு பக்கம் டீ ஃபேக்டரி, இன்னொரு பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரி. காலையில் பிங் 12 மில்லிசெகண்ட். ஃபேக்டரி கேமரா பதிவுகள் தலைமை அலுவலகத்துக்கு ஏறும் நேரத்தில் 700ஐத் தாண்டும். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மதுரை டாக்டரிடம் வீடியோவில் பேச உட்காருவதும் அதே நேரம்தான். "தம்பி, டாக்டர் வாய் அசையுது, சத்தம் பின்னாடி வருது" என்பார்.

அங்கே இருந்து கூகுளுக்குப் பிங் அடித்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. லோடு ஓடும்போதே ஒவ்வொரு ஹாப்புக்கும் தனித்தனியாகப் பிங் ஓட விட வேண்டும். அப்படி விட்டதில் அடிவாரத்திலிருந்து முகடு வரை பெரிதாக ஏறவில்லை. முகட்டுக்கு அந்தப்புறம்தான் 200, 400 என்று ஆடியது.

காரணம் இரண்டு. முதலாவது, முகட்டில் முன்பு வேறொருவர் மாட்டிவிட்டுப் போன ஒரே ரேடியோதான் கீழேயிருந்து வாங்கி, அதே சேனலில் இரண்டு பக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. மலைப்பாதையில் எதிரே பஸ் ஏறி வந்தால் லாரி ஒதுங்கி நிற்கிற மாதிரிதான். அதோடு ஃபேக்டரி ரேடியோ பேசுவது ஆஸ்பத்திரி ரேடியோவுக்குக் கேட்காது, நடுவில் மலை. இரண்டும் ஒரே நேரத்தில் அனுப்பும், முகட்டில் மோதிக்கொள்ளும், திரும்ப அனுப்பும். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் வைஃபை தன் காத்திருப்பு எல்லையை 15, 31, 63 என்று 1023 ஸ்லாட் வரை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு ஸ்லாட் 9 மைக்ரோசெகண்ட் என்று கணக்குப் பார்த்தால், ஒரே பாக்கெட் பல தடவை மோதும்போது பத்து மில்லிசெகண்டுக்கு மேல்கூடப் போய்விடலாம். அதன் பின்னால் நிற்பவை எல்லாம் சேர்ந்து நிற்கும்.

ஒரே சேனலில் நீளும் சங்கிலியைப் பற்றி 2001லேயே எம்ஐடி ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். எல்லாம் சரியாக அமைந்தாலும் லிங்க் வேகத்தில் நாலில் ஒரு பங்குதான் கடைசி முனைக்குப் போகும். சிமுலேஷனில் அது ஏழில் ஒன்றாக இறங்கியது. அதனால் உங்கள் டவர்களிலும் வாங்குவதற்கு ஒரு ரேடியோ, கொடுப்பதற்கு இன்னொன்று, இரண்டும் வேறு சேனல், நடுவில் லேன் கேபிள் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முகட்டில் நாங்கள் செய்தது இதுதான். ஃபேக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கும் ரேடியோவை டிடிஎம்ஏ முறைக்கு மாற்றினோம். அதாவது யார் எப்போது பேச வேண்டும் என்று முகடு நேரம் பிரித்துக் கொடுக்கும். டிடிஎம்ஏ போட்டால் ஹாப்புக்குச் சில மில்லிசெகண்ட் கூடுமே என்று சிலர் சண்டைக்கு வரலாம். கூடும்தான். ஆனால் எப்போதும் 5 என்று நிற்பதை வைத்து வீடியோ கால் பேசலாம், 2க்கும் 400க்கும் நடுவே தாவுவதை வைத்துப் பேச முடியாது.

இரண்டாவது காரணம் மரம். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் வளர்ந்து லிங்க் பாதைக்குள் வந்திருந்தது. கண்ணுக்கு எதிர் டவர் தெரிகிறதே என்பார்கள். அது போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 6 கிலோமீட்டர் லிங்க் என்றால் நடுவில் சுற்றிலும் கிட்டத்தட்ட 9 மீட்டர் ஆரம் அலைக்குத் தேவை, அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். மழையில் நனைந்த இலை சிக்னலைத் தின்றது, ரேடியோ தானாக வேகத்தைக் குறைத்தது. 1500 பைட் பாக்கெட் 150 எம்பிபிஎஸ்ஸில் 0.08 மில்லிசெகண்டில் போய்விடும், 6 எம்பிபிஎஸ்ஸில் அதுவே 2 மில்லிசெகண்ட் காற்றைப் பிடித்துக்கொள்ளும். எஸ்டேட்டில் கேட்டு இரண்டு கிளையை வெட்டினோம், டிஷ்ஷையும் மேலே ஏற்றினோம். சேனல் அகலத்தை 80லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்ததில் ரேடியோவுக்குள் வரும் இரைச்சல் குறைந்து 6 டெசிபெல் மிச்சமானது. ஸ்பீட் டெஸ்ட் எண் குறைந்தது, கால் நன்றாக ஓடியது.

ஹாப்பைக் குறைத்தால் போதும் என்று வேறு பதில்கள் வரும். அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு மாடிகளில் வைஃபை வலை போட்டுப் பார்த்த எம்ஐடி ரூஃப்நெட் குழு 2003ல் காட்டியது நேர்மாறானது: ஹாப் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வழி தேடினால், நீளமான, பாக்கெட் தொலைக்கிற லிங்க்குகளே மாட்டும். சுத்தமான இரண்டு லிங்க், அழுக்கான ஒரு லிங்க்கை விட மேல்.

இந்த மாவட்டத்துக்கும் இந்தத் துறைக்கும் பழைய தொடர்பு உண்டு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்று வட்டார ஊர்களின் பார்வை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நீண்ட தூர வைஃபையால் இணைத்தது. நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து தேனி டாக்டரிடம் பேசினார். சாதாரண வைஃபை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பதில் வருகிறதா என்று நின்று பார்ப்பதால் நீண்ட தூரத்தில் தடுமாறும். அதை எடுத்துவிட்டு, டிடிஎம்ஏ மாதிரி நேரப் பிரிவும், பல ஃப்ரேமுக்குச் சேர்த்து ஒரே பதிலும் வைத்தார்கள். 2007ல் வெளியான வைல்ட்நெட் ஆய்வு அதுதான்.

சரி, இனி பஃபர், அதாவது அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும் இடம். ரேடியோ சுத்தமான பிறகும் கேமரா பதிவு ஏறும்போது எங்களுக்கு 300 வரை போனது. 10 எம்பிபிஎஸ் லிங்க்கின் வாசலில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட், வரிசை நின்றால் அதுவே 0.8 செகண்ட். ராம் அதிகமுள்ள ரவுட்டர் வாங்கினால் இது தீராது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012ல் கொடுத்த கோடெல் என்ற வரிசை முறை, 5 மில்லிசெகண்டுக்கு மேல் தொடர்ந்து காத்திருப்பு இருந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போட ஆரம்பிக்கும், அனுப்புகிறவன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். அதன் வளர்ச்சிதான் எஃப்க்யூ கோடெல், அப்புறம் கேக். மைக்ரோடிக் ரவுட்டரின் மென்பொருள் 7ஆம் பதிப்பிலும், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. அப்லோடுக்கு உங்கள் முனையிலும் டவுன்லோடுக்கு அடிவாரத்திலும், சங்கிலியில் ஆக மெலிந்த லிங்க்கின் மழைக்கால வேகத்தில் 85 சதவீதம் என்று வரம்பு வையுங்கள். அப்போதுதான் வரிசை இந்த முறை ஓடும் ரவுட்டரிலேயே நிற்கும். வெயில் நாள் வேகத்தை வைத்தால் மழையில் வரிசை திரும்ப ரேடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைச் செய்த பிறகு எங்களுக்கு லோடிலும் 40ஐத் தாண்டவில்லை.

ஃபைபர் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். போட முடிந்தால் போடலாம். எங்களுக்கு மலைப்பாதை முழுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அது கிடைக்கும்வரை கம்பவுண்டர் காத்திருக்க முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மழையில் டவர் ஏறி டிஷ்ஷைத் திசை பார்த்துத் திருப்புகிற பையன்களுக்கு ஒப்பந்ததாரர்கள் பலர் சேஃப்டி பெல்ட் கூடக் கொடுப்பதில்லை. இன்சூரன்ஸ் பேச்சே கிடையாது. நெட் நின்ற பத்தாவது நிமிஷம் வாடிக்கையாளர் ஃபோனில் கத்துவார், ஒப்பந்ததாரர் இடி இடிக்கும்போதே ஏறச் சொல்வார். என்னோடு வேலை செய்த ஒருவன் விழுந்து இடுப்பு உடைந்து இப்போது வீட்டில் கிடக்கிறான், கொடுத்தது ஆஸ்பத்திரி செலவில் பாதி. உங்கள் டவரில் ஆள் ஏறும்போது பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஏற விடாதீர்கள்.

உங்கள் நாலு டவரில் எது எந்தச் சேனலில், என்ன அகலத்தில் ஓடுகிறது, சாயங்காலம் லோடில் ஒவ்வொரு ஹாப்புக்கும் என்ன பிங் என்று கமென்ட்டில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.