ஸ்பே ஆற்றில் சால்மன் ஃப்ளையை இழுத்துவிட்டு நழுவுவது ஏன்?

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் தனியார் பகுதியில் நாள்வாடகைக்கு மீன்பிடிக்கும்போது, ஃப்ளையில் (பூச்சிபோல் கட்டிய செயற்கை இரை) இழுப்பு தெரிந்ததும் தூண்டில் கோலைத் தூக்கினால் சால்மன் மீன் இல்லை என்கிறீர்கள். தூக்குவதுதான் கோளாறு.

சால்மன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும்; நீங்கள் அதற்கு மேல்பக்கம் நிற்கிறீர்கள். சட்டென்று தூக்கினால் தூண்டில் முள் அதன் வாயிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். மீன் ஃப்ளையைக் கவ்வித் திரும்பட்டும். அப்போது லைன் (தூண்டில் கயிறு) முள்ளை வாயின் ஓரத்துக்கு இழுத்து மாட்டும். லைன் சுற்றியிருக்கும் ரீலின் பிரேக்கைத் தளர்வாக வையுங்கள். ரீல் சுழன்று, பாரம் நிலையாகத் தெரிந்தபிறகே கோலை உயர்த்துங்கள். பொறுமை இல்லாதவர்கள் கையைப் பையில் வைத்துக்கொள்ளலாம்!

குறுக்காக, 45 டிகிரி கீழ்நோக்கி வீசுங்கள். லைனின் நடுப்பகுதி வளைந்து ஃப்ளை வேகமாக ஓடினால், அந்த வளைவை உடனே மேல்நோக்கிப் புரட்டிப் போடுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரடி, ஈரடி கீழே நகருங்கள். கோடையில் மிதக்கும் லைனும் சிறிய ஃப்ளையும் போதும். குளிர்நீரில் முனை மூழ்கும் லைன், பெரிய ஃப்ளை, ஃப்ளைக்கு மெதுவான ஓட்டம்.

கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் கடல் டிரவுட் மீன் வேறு கதை. இருட்டியபின் அது சடாரென்று கவ்வும்; உடனே தூக்கினாலும் தவறில்லை. தண்ணீர் மேல் டார்ச் அடிக்காதீர்கள்.

ஸ்பேயில் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. ஞாயிறன்று இரண்டு மீனையும் பிடிக்கத் தடை. உரிமையாளரின் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும்.