ஃபேனை அணைத்துவிட்டு பிரஷ்ஷை எடுங்கள்

கேள்வி: 1/72 அளவு மிக்-21 விமான மாடலை ஒட்டி முடித்து, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய அக்ரிலிக் பெயின்டை அடித்தேன். மதியம், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் அடித்தேன். இறக்கை முழுக்க பிரஷ் கோடு. சரிசெய்யப் போய் மறுபடி தேய்த்ததில் அடியில் இருந்ததும் உரிந்து வந்துவிட்டது. பெயின்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்க வசதியில்லை. எந்த பெயின்ட் வாங்கலாம்?
- கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, மதியம், ஃபேன் என்று எழுதினீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது. நம் பக்கத்து வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் பிரஷ் நுனியிலேயே காய ஆரம்பித்துவிடும். பாதி காய்ந்த இடத்தில் பிரஷ் திரும்பப் போனால் இழுத்துக்கொண்டுதான் வரும். தருமபுரியில் நான் விடியற்காலையில் அல்லது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பெயின்டைத் தொடுவேன், அதுவும் ஃபேனை அணைத்துவிட்டு.

இப்போது பெயின்ட். ஸ்டேஷனரி கடை அக்ரிலிக் துணிக்கும் பானைக்கும் நல்லது. ஆனால் உங்கள் மிக் ஏறக்குறைய ஒரு சாண் நீளம்தான். அதில் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டி மயிரிழை போல ஓடும் பேனல் கோடுகளை அந்தக் கெட்டிப் பெயின்ட் அடைத்துவிடும். பிரஷ்ஷுக்கு வயெஹோ (Vallejo) கம்பெனியின் ‘மாடல் கலர்’ அக்ரிலிக் வாங்குங்கள். தண்ணீரிலேயே கரையும், நாற்றம் இல்லை. டாமியா (Tamiya) கம்பெனி அக்ரிலிக் அருமையான பெயின்ட்தான், ஆனால் அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருப்பதால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக் கிளப்பிவிடும். ஏர்பிரஷ் வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஹம்ப்ரோல் (Humbrol) போன்ற கம்பெனிகளின் எனாமல், அதாவது எண்ணெய் வகைப் பெயின்ட், மெதுவாகக் காயும், அதனால் பிரஷ் கோடு தானாகவே சமமாகிவிடும். ஒரு ராத்திரி காத்திருக்கவும் ஜன்னலைத் திறந்து வைக்கவும் முடியுமென்றால் எனாமலும் சரிதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எனாமலைக் கரைக்க மாடலுக்கென்றே விற்கும் எனாமல் தின்னரை வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் பொதுவாகத் தின்னர் என்று கொடுப்பதை நான் ஒருமுறை ஊற்றிவிட்டேன். பிரஷ் பட்ட இடத்தில் இறக்கை நுனி மெழுகு மாதிரி இளகி, என் கைரேகை அதில் பதிந்து நின்றது. ஒரு வாரம் உட்கார்ந்து ஒட்டிய விமானம்.

வயெஹோவில் எவ்வளவு தண்ணீர் கலப்பது? டம்ளரில் பாலைச் சாய்த்து நிமிர்த்தினால் உள்சுவரில் மெல்லிய வெள்ளைப் படலம் நின்று மெதுவாக இறங்குமே, அந்தப் பதம். மோர் மாதிரி ஓடினால் தண்ணீர் அதிகம். கலந்த பெயின்ட் காயாமல் இருக்க, பழைய டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் பெயின்டை வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

இறக்கைக்கு அரை அங்குலத் தட்டை பிரஷ், செயற்கை முடி போதும். நுனியில் மட்டும் தொட்டு, துணியில் ஒற்றி, ஒரே பக்கமாக இழுங்கள். விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் திரும்பப் போகாதீர்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே சகிக்காமல் இருக்கும். பலர் பயந்துபோய் கெட்டியாக அப்புவது இங்கேதான். ஒரு மணி நேரம் விட்டு அடுத்ததைக் குறுக்குவாட்டில் அடியுங்கள். மூன்றாவதில் மூடிவிடும். மஞ்சளும் சிவப்பும் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு கேட்கும்.

நம் விமானப்படைக்கு ஆரம்பத்தில் வந்த மிக்-21கள் பெயின்ட் இல்லாத வெள்ளி உலோகமாகவே பறந்தன. ஆசையாக இருக்கும், ஆனால் வெள்ளியில் ஒவ்வொரு பிரஷ் இழுப்பும் தெரியும். இதற்குச் சாம்பல் நிறமே எடுங்கள்.

கெட்டுப்போன இறக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பேனல் கோடு அழியாமல் மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவிட்டு, பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமரை ஒரு பூச்சு அடித்து ஒரு நாள் விடுங்கள். அந்த ஒரு நாளில் பிளாஸ்டிக் ஸ்பூன் நாலைந்து வாங்கி, அவற்றுக்கும் பிரைமர் கொடுத்து, பால் பதத்தைப் பழகிப் பாருங்கள். ஸ்பூனின் முதுகு கிட்டத்தட்ட மிக் உடம்பின் வளைவுதான். அதில் கோடு விழாமல் வந்த அன்று இறக்கையைத் தொடுங்கள்.