முந்தி என்றால் எதற்கு முந்தி?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அமிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பேசியதை 1994ல் மாமா இரண்டு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அமிச்சி இப்போது இல்லை. அக்கா பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் அந்தப் பேச்சை அவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். எழுதியதை உடன் வேலை செய்யும் ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் காட்டினேன். 'பிஃபோர் டூ டேஸ்' என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் அவர் அடித்துவிட்டார். சில இடத்தில் 'டூ டேஸ் அகோ' என்று போட்டார், சில இடத்தில் 'டூ டேஸ் பிஃபோர்', இன்னும் சில இடத்தில் 'எர்லியர்'. 'யெஸ்டர்டே' என்று இருந்ததை 'த டே பிஃபோர்' என்று மாற்றினார். ஏன் என்று கேட்டால், "படிக்கப் படிக்கத் தானா வரும்" என்கிறார். அமிச்சி சொன்னது எல்லா இடத்திலும் ஒரே 'முந்தி'தான். அதற்கு ஆங்கிலத்தில் இத்தனை வார்த்தை எதற்கு? எங்கே எதைப் போடுவது?

தங்கள் வாசகி

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் ஆசிரியை திருத்தியது சரிதான். ஆனால் காரணம் சொல்லாமல் திருத்தினால் அடுத்த பக்கத்தில் அதே தப்பு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று வார்த்தைகளையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். 'அகோ' என்பதன் பழைய வடிவம் 'அகோன்'. போவதைக் குறிக்கும் 'கோ'வின் வழியில் வந்தது, 'கடந்துபோன' என்று பொருள். நாம் 'போன வாரம்' என்கிறோமே, அந்தப் 'போன'தான். நீங்கள் பேசும்போது மலையாளத்தில் 'கழிஞ்ஞ ஆழ்ச்ச' என்பீர்கள், அங்கேயும் அதே எண்ணம். ஒன்று போய்விட்டது என்றால் யாரை விட்டுப் போனது? இப்போது பேசிக்கொண்டிருப்பவரை விட்டு. அதனால் 'அகோ' எப்போதும் பேசுகிறவரின் இந்த நிமிஷத்திலிருந்துதான் பின்னோக்கி எண்ணும்.

'பிஃபோர்' வேறு வகை. அதற்குள் இருக்கும் 'ஃபோர்' முன்பக்கத்தைக் குறிப்பது, நெற்றியை 'ஃபோர்ஹெட்' என்பதில் வருவதும் அதுதான். நம் 'முன்' போலவே இடத்துக்கும் வரும், காலத்துக்கும் வரும். கோயிலுக்கு முன் என்று சொல்ல ஒரு கோயில் வேண்டும். அதேபோல 'பிஃபோர்' என்று சொல்ல ஒரு நிகழ்ச்சி வேண்டும். கல்யாணத்துக்கு முன், வெள்ளத்துக்கு முன், அவர் வருவதற்கு முன். அந்த நிகழ்ச்சி வாக்கியத்திலேயே இருக்கலாம், முந்தின வாக்கியத்தில் சொல்லப்பட்டும் இருக்கலாம். இல்லாமல் மட்டும் இருக்க முடியாது.

'எர்லியர்' என்பது 'எர்லி'யின் ஒப்பீட்டு வடிவம். அதைவிட முந்தி. ஒப்பிடுவதற்கு இரண்டு நேரம் வேண்டும், அவற்றில் ஒன்று கதையில் ஏற்கெனவே வந்திருக்கும். 'டூ டேஸ் எர்லியர்', 'டூ டேஸ் பிஃபோர்' இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வரும். நிகழ்ச்சியின் பெயரையும் சேர்த்துச் சொல்வதானால் 'பிஃபோர்', பெயரை முன்பே சொல்லியாயிற்று என்றால் 'எர்லியர்' என்று நான் வைத்துக்கொள்கிறேன். கதை சொல்லும் நடையில் 'எர்லியர்' சிக்கலில்லாமல் நிற்கும். நம் பக்கம் நிறையப் பேர் சொல்லும் 'டூ இயர்ஸ் பேக்' பேச்சுக்குப் போதும். அதுவும் 'அகோ' மாதிரியே இன்றிலிருந்து எண்ணுவது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சொல்கிறவர் இன்றைக்கு நின்று எண்ணுகிறாரா, அன்றைக்கு நின்று எண்ணுகிறாரா?

'முந்தி' ஒரே வார்த்தை என்கிறீர்கள். அமிச்சி பேச்சை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். 'ரெண்டு நாளைக்கு முந்தி' என்று ஓரிடத்தில் இருக்கும், 'அதுக்கு ரெண்டு நாள் முந்தி' என்று இன்னோரிடத்தில் இருக்கும். அந்த 'அதுக்கு' வந்துவிட்டால் 'பிஃபோர்' அல்லது 'எர்லியர்'. இல்லாவிட்டால் பெரும்பாலும் 'அகோ'. பேச்சில் 'அதுக்கு' விழுந்துபோவதும் உண்டு. அப்போது நீங்களே அதைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பொருந்துகிறதா என்று காது சொல்லிவிடும். 'பிஃபோர் டூ டேஸ்' என்று நாம் எல்லோருமே எழுதியிருக்கிறோம். 'நாளைக்கு' என்பதில் இருக்கும் 'க்கு'தான் அதற்குக் காரணம். தமிழில் இரண்டு நாளுக்கு முன் என்று நாளையே பிடித்து நிற்கிறோம். ஆங்கிலத்தில் 'பிஃபோர்' அடுத்து வரும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், 'பிஃபோர் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் முடிவதற்குள் என்பது போல ஒலிக்கிறது. தொகையை முன்னால் தள்ளி 'டூ டேஸ்' என்று வைத்து, 'பிஃபோர்' அதன்பின் வந்து கல்யாணத்தையோ வெள்ளத்தையோ பிடிக்கட்டும்.

'யெஸ்டர்டே'யில் உங்களுக்கு இன்னும் வசதி. நீங்கள் இரண்டு மொழி பேசும் ஊரில் இருக்கிறீர்கள். மலையாளத்தில் நேற்றைக்கு 'இன்னலெ'. கல்யாணத்துக்கு முந்தின நாளை யாராவது இன்னலெ என்பார்களா? 'தலேன்னு' என்றுதானே சொல்வார்கள். அடுத்த நாளுக்கு 'நாளெ' இல்லை, 'பிற்றேன்னு'. தமிழிலும் நேற்று வேறு, முந்தின நாள் வேறு, நாளைக்கு வேறு, மறுநாள் வேறு. இன்னலெ வரும் இடத்தில் 'யெஸ்டர்டே', தலேன்னு வரும் இடத்தில் 'த டே பிஃபோர்' அல்லது 'த ப்ரீவியஸ் டே'. 'லாஸ்ட் வீக்', 'லாஸ்ட் நைட்' எல்லாம் இன்னலெயின் கூட்டாளிகள். 'த வீக் பிஃபோர்', 'த நைட் பிஃபோர்' தலேன்னுவின் கூட்டாளிகள். எழுதும்போது மனதுக்குள் மலையாளத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தப்பே வராது. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற எனக்கு இந்த வழி தெரிய வெகுகாலம் ஆயிற்று, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் உங்கள் ஊர் என்றபோதும்.

அது தெரியாமல் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவருடைய கறவை மாடு இறந்துபோனது. இன்சூரன்ஸ் இருந்தது, அதற்கு அடையாளமான காது வில்லையும் பத்திரமாக இருந்தது. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். பதினான்காம் தேதி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "பத்தாம் தேதி காலைல பால் சொசைட்டிக்குப் போயி, 'நேத்து பொழுதோட டாக்டர் வந்து ஊசி போட்டாருங்க, அப்படியும் விடியறப்ப மாடு போயிருச்சு'ன்னு சொன்னேன்" என்றார். நான் அதை அப்படியே வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் வைத்தேன். நேற்று என்பதற்கு 'யெஸ்டர்டே'. மேலே பதினான்காம் தேதி போட்டிருந்தேன். படித்த அலுவலருக்கு யெஸ்டர்டே என்றால் பதின்மூன்று. பத்தாம் தேதி செத்த மாட்டுக்குப் பதின்மூன்றாம் தேதி ஊசி போட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று காகிதம் திரும்பி வந்தது. டாக்டர் சான்றிதழில் ஒன்பதாம் தேதி தெளிவாக இருந்தும், இரண்டும் பொருந்தவில்லை என்றார்கள். சரி செய்வதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அந்த அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்றுவரை வருத்தம்.

தப்பு எங்கே நடந்தது என்று பிறகு யோசித்தேன். தமிழில் 'என்று' என்ற ஒரு சொல் இருக்கிறது. அடுத்தவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே கொண்டுவந்து, பின்னால் ஓர் 'என்று' போட்டால் முடிந்தது. உள்ளே இருக்கும் 'நேற்று' சொன்னவருடைய நேற்று, கேட்கிறவருக்கு அதில் குழப்பமே வராது. ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் போட்டால் அது மாதிரி வைத்துக்கொள்ளலாம். மேற்கோளை எடுத்துவிட்டு 'தேட்' போட்டுச் சேர்த்தால், உள்ளே இருக்கும் நாள் சொற்களையெல்லாம் இப்போது எடுத்துச் சொல்கிறவர் பக்கம் திருப்பியாக வேண்டும். நேற்று 'த டே பிஃபோர்' ஆகும், அகோ 'பிஃபோர்' ஆகும், நாளைக்கு என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகும். பள்ளிக்கூடத்தில் டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோமே, அது இதற்குத்தான். ஏன் மாறுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் 'என்று' செய்யும் வேலையைச் செய்ய அங்கே ஒரு சொல் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அட்டவணையே தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, 'ஹேட்'. "நேத்து கோயிலுக்குப் போயிருந்தேன்" என்று நாம் சும்மா சொல்வோம். அந்த 'இருந்தேன்' காரணமாக 'ஐ ஹேட் கான் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கில ஹேட்டுக்கு, கடந்தகாலத்திலேயே அதற்குப் பின்னால் நடந்த இன்னொன்று வேண்டும். "நாங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ரயில் போயிருச்சு" என்றால் ரயிலுக்கு ஹேட் சரி. கோயிலுக்குப் போனதோடு பேச்சு முடிந்தால் வெறும் 'வென்ட்' போதும். 'அகோ' வரும் இடத்திலும் வெறும் இறந்தகாலம்தான், ஹேவ் சேராது. ஆங்கிலக் கதைகளில் ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து எழுதும்போது ஹேட்டோடு அகோவைச் சேர்ப்பவர்கள் உண்டு. கதையில் அது அழகாக இருக்கலாம். உங்கள் வேலைக்கு வேண்டாம். பிள்ளைகள் வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

வருஷம் என்றதும் அமிச்சி சொன்ன வரிகளுக்கு வருகிறேன். நீங்கள் இணைத்து அனுப்பிய பக்கத்தில் இரண்டு இடங்கள் என்னை நிறுத்தின.

"தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி நான் பொறந்தேன்." இதை நீங்கள் '99 வெள்ளம்' என்றே விட்டிருக்கிறீர்கள். வெளியூரில் வளரும் பிள்ளைகள் 1999 என்று நினைத்துக்கொள்வார்கள். இது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் 1099, அதாவது 1924 ஜூலையில் கேரளத்தை மூழ்கடித்த பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு கி.பி. 825ல் தொடங்குவது. ஆண்டின் முதல் மாதமான சிங்ஙம் (நம் ஆவணி) பிறந்ததிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. அமிச்சி பிறந்தது 1922 வாக்கில் என்று வருகிறது. 'டூ இயர்ஸ் பிஃபோர் த கிரேட் ஃப்ளட் ஆஃப் 1924' என்று எழுதி, '99' என்று ஊரில் சொல்லும் காரணத்தை அடியில் ஒரு வரி போடுங்கள். வெள்ளத்தை எடுத்துவிட்டு வெறும் 1922 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிறந்த தேதி எழுதி வைக்காத வீட்டில், அமிச்சிக்குத் தன் வயது அந்த வெள்ளத்திலிருந்துதான் தெரியும்.

அடுத்தது: "கேரளா ஆனப்ப எனக்கு நாலு பிள்ளை. அதுக்கு ஏழு வருஷம் முந்தியே திருவாங்கூரும் கொச்சியும் ஒண்ணாயிருச்சு. அதுக்கும் முந்தி நாங்க கொச்சி ராஜா சனம்." எவ்வளவு சுத்தமான வாக்கியம் பாருங்கள். கேரளம் 1956 நவம்பர் 1. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தது 1949 ஜூலை 1. அதற்கு முன் உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலூகா கொச்சி சமஸ்தானம், பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு பிரிட்டிஷ் மலபார். மூன்று படி, ஒவ்வொன்றையும் ஓர் 'அதுக்கு' பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் இரண்டாவது படியில் 'செவன் இயர்ஸ் அகோ' என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும் பிள்ளை இன்றைக்கு ஏழு வருஷம் பின்னால் போய் அங்கே கொச்சி ராஜாவைத் தேடும். 'செவன் இயர்ஸ் எர்லியர்' என்று போட்டு, இணைந்ததற்கு 'ஹேட்' சேருங்கள். மூன்றாவது படிக்கு 'பிஃபோர் தேட்' என்ற இரண்டு வார்த்தை போதும், அங்கே ஹேட் வேண்டியதில்லை. வரிசையை 'பிஃபோர் தேட்' ஏற்கெனவே சொல்லிவிட்டது.

உங்கள் ஆசிரியை கவனிக்காத ஒன்று இதற்கும் மேல் இருக்கிறது. அமிச்சி பேசியது 1994ல். அவர் 'அதுக்கு' இல்லாமல் "பத்து வருஷத்துக்கு முந்தி" என்று சொல்லும் இடத்தில் 'டென் இயர்ஸ் அகோ' சரிதான், ஆனால் அது அமிச்சியின் இன்று. பத்து வருஷம் பின்னால் போனால் 1984. பிள்ளைகள் தங்கள் இன்றிலிருந்து எண்ணினால் எல்லாம் பிசகிவிடும். அமிச்சி நேராகப் பேசும் பகுதிகளை மேற்கோளுக்குள் வைத்து, அகோவையும் யெஸ்டர்டேயையும் அப்படியே விடுங்கள், அது அவர் குரல். மேற்கோளுக்கு வெளியே நீங்கள் எழுதும் பகுதிகளில் எல்லாவற்றையும் எர்லியருக்கும் த டே பிஃபோருக்கும் மாற்றுங்கள். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே, எந்த மாதம் எங்கே உட்கார்ந்து பேசினார் என்பதை எழுதுங்கள். கேசட் உறையில் மாமா தேதி குறித்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாமாவிடமே கேளுங்கள், இரண்டு கேசட்டும் ஒரே நாளில் பிடித்ததா என்பதையும் சேர்த்து. இரண்டாவது கேசட்டில் அமிச்சி "நேத்து சொன்னேனே" என்று ஆரம்பிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எந்த நேற்று என்று மாமாவுக்குத்தான் தெரியும்.