பென்டிரைவில் இடம் நிரம்பியிருக்கிறது, ஃபைலை மட்டும் காணோம்

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கப் பென்டிரைவைக் கொடுத்து வாங்கினேன். வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரே ஒரு ஷார்ட்கட்தான் தெரிகிறது, ஆனால் 11 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. நண்பரின் உபுண்டு லேப்டாப்பில் எல்லா ஃபோல்டரும் தெரிகின்றன. ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உபுண்டுவில் தெரிகிறது என்றால் ஃபைல்கள் அழியவில்லை, மறைந்துதான் இருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டை மட்டும் திறக்காதீர்கள், வைரஸ் கிளம்புவதே அதிலிருந்துதான்.

விண்டோஸில் ஒவ்வொரு ஃபைலோடும் 'ஹிடன்' என்று ஒரு குறி உண்டு, 'சிஸ்டம்' என்று இன்னொன்றும் உண்டு. இந்த வகை வைரஸ் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடும். உபுண்டு லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் அந்தக் குறிகளைச் சட்டை செய்யாது. பெயர் புள்ளியில் ஆரம்பித்தால்தான் மறைக்கும். (மேக்கிலும் புள்ளியில் ஆரம்பிக்கும் பெயர் மறைந்துவிடும், அதனால்தான் அங்கே மறைந்திருக்கும் டாட் டிஎஸ் ஸ்டோர் ஃபைல், அதே பென்டிரைவை விண்டோஸில் போட்டதும் வெளியே வந்து நிற்கிறது. அது வைரஸ் இல்லை, அழித்தாலும் பாதகமில்லை.)

நானாக இருந்தால் உபுண்டுவிலேயே வேண்டியதை எல்லாம் காப்பி எடுத்துவிடுவேன், அதுதான் சுலபம். பெயரே இல்லாத ஃபோல்டர் ஒன்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள், சில வைரஸ்கள் மொத்தத்தையும் அதற்குள் தள்ளிவிடும்.

விண்டோஸ் மட்டும்தான் கையில் இருக்கிறதா? வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் போதாது, சிஸ்டம் குறியும் இருப்பதால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கையும் எடுக்க வேண்டும். இப்போது ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும், ஆனால் பிராப்பர்ட்டீஸில் போய் ஹிடனை எடுக்கப் பார்த்தால் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடக்கும். அதற்கு கமாண்ட் பிராம்ப்ட்தான், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் விண்டோதான் வழி. பென்டிரைவுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எழுத்தையும் (இ, எஃப் போல) முக்காற்புள்ளியையும் அடித்து என்டர் தட்டுங்கள். அப்புறம் அட்ரிப் (ஏ டி டி ஆர் ஐ பி), மைனஸ் எச், மைனஸ் எஸ், ஸ்டார் டாட் ஸ்டார், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். மைனஸ் எச் மட்டும் கொடுத்தால் சிஸ்டம் ஃபைலைத் தொட மாட்டேன் என்று மறுத்துவிடும், இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

காப்பி எடுத்தாயிற்றா, ஒன்றிரண்டு ஃபைலைத் திறந்து சரிபார்த்தாயிற்றா? சரி, வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை ஆன்டிவைரஸால் முழுதாக ஸ்கேன் செய்துவிட்டு, பென்டிரைவை இப்போது ஃபார்மட் செய்யுங்கள்.