கொரோனா காலத்தில் அத்தியாவசியமில்லாத பயணத்துக்கு நாட்டின் எல்லையை மூடியது சரியா?

மூடியது சரிதான். மூடிய விதத்தில்தான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

கேள்வியில் கனடா - அமெரிக்கா எல்லையைச் சொல்லியிருக்கிறீர்கள். 2020 மார்ச் 21 முதல் சரக்கு லாரி போனது, சொந்தபந்தம் போக முடியவில்லை, இதெல்லாம் தேவைதானா என்று கேட்கிறீர்கள். கேட்ட தோரணையைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் யாரோ அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு எல்லை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அம்மா பாகூரில், அப்பா கட்டிய வீட்டில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு டவுன் என்றால் கடலூர்தான். டாக்டர், துணிக்கடை, நகைக்கடை எல்லாம் இங்கே. ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி. சாதாரண நாளில் அப்படி ஒரு எல்லை இருப்பதே யாருக்கும் நினைவு வராது. அக்காவைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தோம். எங்கள் பக்கம் இது புதிதில்லை, தெருவுக்கு ஒரு வீடு அப்படி இருக்கும். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கையில் ஓசிஐ அட்டை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரர்கள் ஆயுளுக்கும் விசா இல்லாமல் வந்து போகலாம் என்று இந்திய அரசாங்கம் கொடுத்த அட்டை அது.

2020 மார்ச் 13 முதல் அந்த வசதியை நிறுத்திவைத்தார்கள். மார்ச் 22 முதல் வெளிநாட்டிலிருந்து வழக்கமாக வரும் பயணிகள் விமானம் எதுவும் இங்கே இறங்கவில்லை. அக்கா ஏப்ரல் லீவுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தாள். அந்த டிக்கெட் கதை தனி, பிறகு சொல்கிறேன்.

மே மாதம் எங்கள் மாவட்டம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனவர்கள் ஊர் திரும்பினார்கள். ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்தது. புதுச்சேரிக்காரர்கள் பயந்ததில் தப்பே இல்லை. நான் அந்தப் பக்கம் இருந்திருந்தால் நானும் கேட்டை மூடு என்றுதான் சொல்லியிருப்பேன். சோரியாங்குப்பம் வழியாக ஆற்று மணலில் இறங்கிப் போய்விடலாம், போலீஸ் பார்க்காது என்று பலபேர் சொன்னார்கள். நான் போகவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நானே நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

ஆனால் அம்மா பார்க்கும் டாக்டர் கடலூரில். மாத்திரையும் எப்போதும் இங்கிருந்துதான் போகும். காலை, மதியம், இரவு என்று பிரவுன் கவரில் பேனாவால் எழுதித் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தால்தான் அம்மா குழம்பாமல் சாப்பிடுவார். கவரையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஆல்பேட்டையில் நம்ம போலீஸ் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு விட்டார்கள். முள்ளோடையில் விடவில்லை. அம்மாவின் பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பக்கம் வந்து நின்றான். பையைத் தடுப்புக் கம்பிக்கு அடியில் வைத்துவிட்டுப் பின்னால் போகச் சொன்னார் ஒரு காவலர். வைத்தேன். இன்னொருவர் மருந்து அடிக்கும் பம்பால் பை மேல் பிளீச்சிங் தண்ணீர் அடித்தார். மை கரைந்து எழுத்தெல்லாம் போய்விடப்போகிறது என்று கத்தினேன். அப்புறம் பையன் வந்து எடுத்துக்கொண்டான். அம்மா எனக்கென்று கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்க் கட்டு அவன் கையிலேயே இருந்தது. அதை இந்தப் பக்கம் விட மாட்டோம் என்றார்கள்.

அதே நேரத்தில் பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. லாரி போக வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கே அரிசியும் காய்கறியும் கிடைக்காது. அதை நான் குறை சொல்லவில்லை. லாரி டிரைவருக்கு ஒரு வழி யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, தனியாக இருக்கும் தாயைப் பார்க்க வரும் பிள்ளைக்கும் ஒரு வழி யோசிக்கத் தெரியாதா என்றுதான் கேட்கிறேன். டெஸ்ட் எடு என்று சொல்லுங்கள், எடுக்கிறேன். போனால் பதினாலு நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லுங்கள், வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அப்படி ஒரு வழி இருந்திருந்தால் நான் அம்மாவோடேயே இருந்திருப்பேன்.

அந்தக் காவலர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "பையில பாட்டில் இருக்கா?" இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடலூர்க்காரன் முள்ளோடைப் பக்கம் போனாலே குடிக்கத்தான் போகிறான் என்று ஒரு நினைப்பு. இந்தப் பக்கம் பாதி வீடுகளுக்குக் கொள்வினை கொடுப்பினை அந்தப் பக்கத்தோடுதான். நான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் போகிற சாலை அது. வாயில் ஒரு சொட்டு ஊற்றாதவனிடம் இப்படிக் கேட்டால் எரியுமா எரியாதா?

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். மே 22 அன்று உள்துறை அமைச்சகம் ஓசிஐ வைத்திருப்பவர்களில் சிலரை மட்டும் அனுமதித்தது. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த சின்னப் பிள்ளைகள், கணவனோ மனைவியோ இங்கே குடியிருக்கும் இந்தியராக இருப்பவர்கள், பெற்றோர் இங்கே இருக்கும் கல்லூரி மாணவர்கள், அப்புறம் குடும்பத்தில் சாவு போன்ற அவசரம் உள்ளவர்கள். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று ஒரு வரி அதில் இல்லை. அக்கா போனில் என்னிடம் கேட்டாள்: "ஏண்டா, அம்மா செத்தாத்தான் என்னை விடுவாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆகஸ்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. எனக்கு மருத்துவ அவசரம் என்று இ-பாஸ் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா அங்கிருந்து விண்ணப்பம், டாக்டர் சான்றிதழ், மெயில் என்று அலைந்தாள். அந்த மாதக் கடைசியில்தான் மாநிலங்களுக்கு இடையில் யாரையும் தடுக்கக்கூடாது, தனி அனுமதி கேட்கக்கூடாது என்று மத்திய அரசு தெளிவாக எழுதியது. அக்டோபர் 21 அன்றுதான் ஓசிஐ அட்டை உள்ள எல்லோரும் வரலாம் என்றார்கள். நவம்பரில் அக்கா வந்து சேர்ந்தாள். அம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டார், கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் பேச்சு வரவில்லை. ஆகஸ்ட் வரைக்கும் வாட்ஸ்அப்பில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர். அம்மா இன்றும் இருக்கிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

"லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா வருவதுதான் முக்கியமா" என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். நியூசிலாந்து 2020 மார்ச் 19 அன்றே வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது, அதன் பலனைக் கண்கூடாகப் பார்த்தோம். மூடுவதால் பயனில்லை என்று நான் சொல்லவே இல்லை. எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கிறவனும் இல்லை. நீங்கள் சொன்ன கனடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் மூடியவர்கள் ஜூன் 8 அன்று கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் வரலாம், பதினாலு நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அக்டோபரில் வளர்ந்த பிள்ளைகள், தாத்தா பாட்டி வரை நீட்டினார்கள். எல்லையை அப்போதும் திறக்கவில்லை. அமெரிக்கர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டு சும்மா சுற்றிப் பார்க்கப் போக 2021 ஆகஸ்ட் 9 வரை காத்திருந்தார்கள். ஆக, எல்லை மூடியே இருக்க, குடும்பத்துக்கு மட்டும் வழி விட முடிந்திருக்கிறது. அதை இரண்டரை மாதம் கழித்து யோசிப்பதற்குப் பதில் முதல் நாள் உத்தரவிலேயே எழுதியிருக்கலாம். அமெரிக்கா இன்னும் மோசம். கனடாக்காரர் விமானத்தில் போய் இறங்கலாம், காரில் போகக்கூடாது என்று 2021 நவம்பர் 8 வரை வைத்திருந்தது. காரில் வருகிறவனால் மட்டும் எப்படி நோய் பரவும் என்று எனக்கு யாராவது விளக்குங்கள்.

கடைசியாக அந்த டிக்கெட். பிள்ளைகளையும் சேர்த்து அக்கா புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட் மூலம் போட்டிருந்தாள், பணம் நான்தான் கட்டினேன். விமானக் கம்பெனியில் கேட்டால் ஏஜென்ட் கணக்குக்குத் திருப்பிவிட்டோம் என்கிறார்கள். ஏஜென்ட்டைக் கேட்டால் எனக்கு வரவே இல்லை என்கிறார். ஊரடங்கில் ரத்தான டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவே போட்டது, ஏஜென்ட் கைக்கு வந்த பணம் உடனே பயணியிடம் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பாரிசிலிருந்து கிளம்பும் டிக்கெட்டுக்கு இது பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் அதன் பின்னால் என்னால் ஓட முடியவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் இரண்டு வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் காட்டி இப்போது போட்டால் எடுத்துக்கொள்வார்களா? இதில் விவரம் தெரிந்த வக்கீல்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.